எழுபத்தெட்டு பட்டன்

ஆலயத்துக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. பிரசங்கம் முடிவதற்கு முன்பே நழுவுகிறவர் யார், ஜெபம் முடிந்த கையோடு வாசலில் சண்டை பிடிக்கிறவர் யார், எல்லாம் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே தெரிந்துவிடும். கூடவே ஒரு சங்கடமும் உண்டு. சபையில் யார் இறந்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். மணிக்கார அண்ணன் பட்டன் கேட்டு வந்துவிடுவார்.

எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் அவருக்கு எத்தனை வயதோ அத்தனை முறை துக்க மணி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு நிதானமான மூச்சு அளவு இடைவெளி. கேட்கிறவர்கள் வீட்டில் இருந்தபடியே எண்ணுவார்கள். அடிக்கிறவர்தான் எண்ண முடியாமல் திண்டாடுவார். ஒருமுறை எண்பத்து மூன்றுக்குத் தொண்ணூற்று நான்கு அடித்துவிட்டார் அண்ணன். இறந்த அம்மாளின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு வயது கூடினால் மகளுக்கும் கூடும் அல்லவா, அந்தக் கவலை அவளுக்கு.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. என்னிடம் ஜோடி சேராத பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருக்கும். அண்ணன் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, அறுபத்தொண்ணு" என்பார். எண்ணிக் கொடுப்பேன். வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பட்டன் வலதிலிருந்து இடதுக்கு மாறும். வலது காலியானால் மணி நின்றுவிடும். சாயங்காலத்துக்குள் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து டப்பாவில் கொட்டுவார். ஒரே ஒரு பட்டன் கேட்டு வந்த நாளும் உண்டு. அன்று வாயால் கேட்கவில்லை, ஒரு விரலைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். டப்பாவில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

இந்த அண்ணனைத்தான் ஆலயத்தை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். காரணம், ஒருவருக்குத் தப்பாக மணி அடித்துவிட்டார். அந்தத் தப்பில் எனக்கும் எழுபத்தெட்டு பட்டன் அளவுக்குப் பங்கு இருப்பதால், வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் முதலில் வந்தது கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க. அப்போது இருந்த மணிக்காரர் வேலையை விட்டுப் போயிருந்தார். "நாலு நாள் கயிறு பிடிப்பா, ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றார்கள். அந்த நாலு நாள் முப்பத்து நாலு வருடமாகிவிட்டது. கோபுரத்துக்கு அடியில் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஆணி அடித்து மாட்டிய மூன்று சட்டை. அந்த மூன்றுக்கும் காலர் திருப்பித் தைத்தது நான்தான். அண்ணி அந்த அறையில்தான் வாழ்ந்தார், அங்கேதான் கண்ணை மூடினார். அண்ணிக்கு நாற்பத்தாறு பட்டன். பிள்ளைகள் இல்லை. தினம் மணிக்குக் கீழே நின்று நின்று இடது காது மந்தமாகிவிட்டது. பேசுகிறவர்களுக்கு வலது காதைத் திருப்பிக் கொடுத்துக் கேட்பார். பார்க்கிறவர்களுக்கு அது பணிவு மாதிரி தெரியும். பாதி பணிவு, பாதி செவிடு.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. காலை ஆறரைக்கு மணி அடித்து முடித்ததும் ஒரு சுற்றுப் போவார். தனியாக இருக்கிற ஏழு பேருடைய வீட்டு வாசலைப் பார்ப்பார். கதவைத் தட்டமாட்டார். வாசலில் போட்ட பால் பாக்கெட்டை உள்ளே எடுத்துவிட்டார்களா என்று மட்டும் பார்ப்பார். எடுத்திருந்தால் ஆள் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். "ஸ்தோத்திரம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். எடுக்கவில்லை என்றால்தான் தட்டுவார். அப்படித் தட்டியதால், குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்த ஒரு தாத்தா பிழைத்திருக்கிறார். போதகர் சொல்லி இதைச் செய்யவில்லை. செய்வதாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எதிரே கடை வைத்திருந்த பாவத்துக்கு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சுற்று ஆரம்பித்தது ஒரே ஒரு வீட்டில். ஸ்டாம்பம்மா வீட்டில்.

ஸ்டாம்பம்மா முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதையும் எண்ணாமல் விடமாட்டார். ஸ்டாம்பை எண்ணுவார், படிக்கட்டை எண்ணுவார், பிரசங்கத்தில் போதகர் எத்தனை முறை 'கடைசியாக' என்று சொன்னார் என்பதை எண்ணி வாசலில் அவரிடமே சொல்வார். பின்கோடு எழுதாமல் யாராவது கவரை நீட்டினால், "இதை நான் எங்க கொண்டு போய் எறியட்டும்?" என்பார். நான் ஒருமுறை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் கால்வாய் உடைத்துக்கொண்டு, கரையோரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பதினான்கு குடும்பம். பாத்திரமும் பிள்ளைகளுமாக நனைந்துகொண்டு வந்து ஆலய மண்டபத்து வராந்தாவில் நின்றார்கள். மண்டபத்துக்குப் புதுசாகத் தரைக்கல் பதித்திருந்தார்கள். சனிக்கிழமை ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். சபைச் செயலர் குடையோடு வந்து, "உள்ள விட்டா சனிக்கிழமைக்குள்ள காயாது. பூட்டிடுப்பா" என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் தரைக்கல்லைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொள்வார். ஸ்டாம்பம்மா அங்கே நின்றிருந்தார். "'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்'னு சுவர்ல வசனம் எழுதி வெச்சிருக்கீங்களே, முதல்ல அதை அழிங்க. அப்புறம் பூட்டுங்க" என்றார். செயலர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாவியைப் பார்த்தார். பிறகு பூட்டிவிட்டார். நான் கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மிஷினை மிதித்தேன். அதற்கு என்ன சாக்கு சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பதினான்கு குடும்பத்தையும் ஸ்டாம்பம்மா தன் இரண்டு அறை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒன்பது நாள் வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. மூன்று வருடம் வராதவர் பெயரைச் சபை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. எடுத்துவிட்டார்கள். அந்த மழைக்கு முன்பு வரை ஸ்டாம்பம்மா அண்ணனை வாய் நிறைய "தம்பி" என்று கூப்பிடுவார். பூட்டிய நாளிலிருந்து தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

அண்ணன் மன்னிப்புக் கேட்கப் போனார், ஒரு முறை இல்லை, மூன்று முறை. மூன்று முறையும் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "என்னன்னு சொல்லிக் கேக்கறது தங்கச்சி? கை என்னுதுதானே?" என்றார் என்னிடம். தட்டுவதற்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் பால் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். மற்ற ஆறு வீடும் பிறகு சேர்ந்துகொண்டவை.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டாம்பம்மா வீட்டு வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. அண்ணன் பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பக்கத்து பேக்கரிக்கார அம்மா ரொட்டித் தட்டோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு, ஸ்டாம்பம்மாவா? அவங்க போயிட்டாங்களே!"

அண்ணன் வலது காதைத் திருப்பினார். "போயிட்டாங்களா?"

"ஆமா, காலையில ஆறு மணிக்கே. ஆஸ்பத்திரி வண்டி வந்துச்சு. ரெண்டு பேர் கைத்தாங்கலா பிடிச்சு ஏத்தினாங்க. பாவம், கூட ஒருத்தர் கூட இல்ல."

சொல்லிவிட்டு அந்த அம்மா அடுப்பைப் பார்க்க ஓடிவிட்டார். நம்முடைய மொழியில் இந்த 'போயிட்டாங்க'வை வைத்துக்கொண்டு கடைக்கும் போகலாம், கல்லறைக்கும் போகலாம். ஸ்டாம்பம்மா போனது கண் ஆஸ்பத்திரிக்கு. கண்ணில் சதை எடுக்க, அவர்களே வண்டி அனுப்பி அழைத்துப் போயிருக்கிறார்கள். அண்ணன் காதில் விழுந்தது மற்றது, அதற்குப் பிறகு சொன்னதில் ஆஸ்பத்திரி மட்டும்தான் ஏறியது.

நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அதிலேயே எனக்குத் திக்கென்றது.

"தங்கச்சி, எழுபத்தெட்டு."

"யாருண்ணே?"

"ஸ்டாம்பம்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன மாசம்தான் எழுபத்தெட்டு முடிஞ்சுது."

பட்டியலில் இருந்து பெயரை எடுத்தவர்களுக்கு, இவர் தலைக்குள் ஒரு பட்டியல் இருந்தது தெரியாது. நான் கேட்டேன், "பாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" போதகரிடம் கேட்காமல் துக்க மணி அடிக்கக் கூடாது, அது விதி.

"பாஸ்டர் வெளியூர் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. அவர் இல்லாதப்ப செக்ரட்டரியைக் கேக்கணும். கேட்டா பட்டியல்ல பேர் இல்ல, அடிக்காதேம்பாரு. அதான் நான் கேக்கல. கேட்டாத்தானே இல்லம்பாங்க?" டப்பாவைத் தானே எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒரு தடவை அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பூட்டினேன். இதையாவது கேக்காம செஞ்சிடறேன்."

ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினோம். கோட்டு பட்டன், சட்டை பட்டன், ஒரு பித்தளை பட்டன். எழுபத்தெட்டு.

மணி விழ ஆரம்பித்தது. தெருவே வேலையை நிறுத்திவிட்டு எண்ணியது. அடித்து முடித்ததும் அண்ணன் வெளியே வந்து, வாசல் பலகையில் சாக்கட்டியால் ஸ்டாம்பம்மாவின் பெயரை எழுதினார். பார்த்தவர்கள் எல்லாம் "ஐயோ" என்றார்கள். அடுத்ததாக அத்தனை பேரும் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "வீடு எங்க இருக்கு?" முப்பது வருடம் இவர் கையால் ஸ்டாம்பு வாங்கியவர்கள், பத்து நிமிஷ நடைத் தூரத்தில் இருக்கிறவர்கள். எனக்கு மட்டும் என்ன, அந்த வாசலை மிதித்து நானும் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் அந்தச் சந்து கொள்ளவில்லை. இருநூறு பேராவது இருக்கும். கதவு பூட்டியிருந்ததால் எல்லோரும் தெருவிலேயே நின்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருகிறது என்று யாரோ சொல்ல, அது வாய்க்கு வாய் உறுதியாகிவிட்டது. சுவரோரம் மலர்வளையங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. செயலர் எல்லாவற்றிலும் பெரிய வளையத்தோடு வந்தார். மணி எப்படி அடித்தது என்று உள்ளுக்குள் கொதித்திருப்பார், ஆனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் படியில் ஏறித் தொண்டையைக் கனைத்தார். "நம் சகோதரியின் மறைவு, சபைக்கு ஈடு செய்ய முடியாத..." என்று ஆரம்பித்தார்.

நான் கடைசி வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "யாருக்கு?" என்றது.

"நம்ம ஸ்டாம்பம்மாவுக்குங்க," என்றேன், திரும்பாமல்.

"எப்படிப்பட்டவங்க?"

"தங்கமானவங்க. பதினாலு குடும்பத்தைச் சோறு போட்டு வெச்சிருந்தாங்க இந்த வீட்டுல. நான் ஒரு நாள் கூட வந்து பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பயம்தான். வாயைத் திறந்தா திட்டுவாங்க."

"இப்ப மட்டும் திட்டமாட்டாளா?"

திரும்பினேன். கண் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கறுப்பு அட்டைக் கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் மருத்துவக் கோப்பு. நான் போட்ட கூச்சலில் செயலரின் பேச்சு 'முடியாத'விலேயே நின்றுபோனது.

பிறகு தெரிந்தது இதுதான். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று கண்ணில் மருந்து மட்டும் விட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மணி கேட்டிருக்கிறது. ஸ்டாம்பம்மா எண்ணாமல் இருப்பாரா? கேட் திறந்து வண்டி நகர்ந்த பிறகும் விடாமல் எண்ணி எழுபத்தெட்டு என்று முடித்து, தன் வயதில் சபையில் யார் யார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, வண்டி முந்தின நாள் சதை எடுத்தவர்களை எல்லாம் வீடு வீடாக இறக்கிவிட்டு வரும் வரை தலையைப் பிய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மருந்து விட்ட கண்ணுக்குக் கூட்டம் மங்கலாகத் தெரிந்ததே தவிர, நிற்பது தன் வீட்டு வாசல் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது.

கூட்டம் வழி விட்டது. ஸ்டாம்பம்மா யாரையும் பார்க்காமல் படியேறினார். "தள்ளுங்க. பால் வெயில்ல கெட்டுப் போகுது," என்று செயலரை நகர்த்திவிட்டு, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். வாசலில் பதினெட்டு மலர்வளையம். கொண்டுவந்தவர்களுக்கு அதைத் திரும்ப எடுத்துப் போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று தெரியவில்லை.

எல்லார் முகத்திலும் ஏமாந்த களை. வாய்விட்டுச் சந்தோஷப்பட்டவர் ஒருவர்தான். அண்ணன் சந்து முனையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார், சிரித்தார். பாக்கெட்டில் பட்டன்கள் கலகலவென்று சத்தம் போட்டன. அவருக்கு வேலை போகப் போகிறது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் சபைக் கூட்டம். அதே மண்டபம், அதே தரைக்கல். போதகர் இளவயதுக்காரர், எங்களிடம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, செயலர் எழுந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அனுமதி இல்லாமல் மணி அடித்தது. உறுப்பினர் அல்லாதவருக்கு அடித்தது. உயிரோடு இருப்பவருக்கு அடித்தது. இனிமேல் பதிவு செய்த மணி ஓசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்ளலாம், சுவிட்சைத் தட்டினால் போதும், மாதக் கடைசிக்குள் கோபுரத்து அறையைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்றார். அந்த அறையை விட்டால் அண்ணனுக்குப் போக இடம் கிடையாது. அது செயலருக்கும் தெரியும். படிக்கும்போது அவர் தலை நிமிரவே இல்லை.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று போதகர் கேட்டார்.

அண்ணன் வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "தப்புதாங்கய்யா," என்றார்.

எழுந்து நின்றேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு ஒரு வரி கூட நாக்குக்கு வரவில்லை. "பட்டன் குடுத்தது நான்தான்," என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெட்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. ஸ்டாம்பம்மா உள்ளே வந்தார். வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்று தரையைப் பார்த்தார். பிறகு செருப்போடு நடந்து வந்தார்.

செயலர் தயங்கி, "அம்மா, உறுப்பினருங்கதான் கூட்டத்துல பேசலாம்..." என்றார்.

"தெரியும். நான்தான் செத்துட்டேனே, எனக்கு எந்த விதி?" என்றார் ஸ்டாம்பம்மா. "அன்னிக்கு என் வாசப்படியில நின்னு ஈடு செய்ய முடியாத இழப்புன்னீங்க. இதோ, முழுசா ஈடு செஞ்சுட்டு வந்திருக்கேன். ரெண்டு நிமிஷம் பேசிக்கறேன்."

முதலில் சிரித்தது போதகர்தான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. செயலரே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டாம்பம்மா சிரிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தம்பி."

பதினோரு வருடத்துக்குப் பிறகு வந்த சொல். அண்ணனுக்கு அது எந்தக் காதில் விழுந்ததோ தெரியாது, எழுந்து நின்றுவிட்டார்.

"அன்னிக்கு இந்தக் கதவைப் பூட்டினது நீ. அதை நான் மறக்கல."

"மறக்க வேணாம்மா."

"மறக்கமாட்டேன். ஆனா மறுவாரத்துலேர்ந்து தினம் ஏழு மணிக்கு என் வாசலுக்கு வந்ததும் நீதான். ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு எண்ணியிருக்கேன். நாலாயிரத்துச் சொச்சம் நாள். அதுல நீ வராதது ஆறே நாள். ஒரு நாள் வேணும்னே பாலை எடுக்காம விட்டேன், என்ன பண்றான் பார்ப்போம்னு. கையை ஓங்கிட்டு, தட்ட மனசு வராம எட்டு மணி வரைக்கும் எதிர்ச்சுவர்ல சாஞ்சு நின்ன. எனக்கே பாவமா போயி எடுத்துட்டேன்."

அண்ணன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

"பூட்டச் சொன்னவங்க யாரும் வரல," என்று ஸ்டாம்பம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "வேடிக்கை பார்த்தவங்களும் வரல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நானும் யார் வீட்டுக்கும் போகல, அதையும் சொல்லிடறேன். ரோஷம். பதினோரு வருஷம் வீட்டுக்குள்ள உக்காந்து ரோஷத்தைக் காப்பாத்தினேன், வேற என்ன சாதிச்சேன்? வியாழக்கிழமை இருநூத்துப் பதினாறு பேர் வந்தீங்க. மங்கலாத்தான் தெரிஞ்சுது, இருந்தாலும் எண்ணினேன். இத்தனை பேருக்கும் என் வீட்டுக்கு வர கால் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இவன் தப்பா அடிச்சான்கறீங்க. சரியா அடிக்கிற வரைக்கும் காத்திருந்தா நான் உங்களைப் பார்த்திருக்க முடியுமா?"

போதகர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். "அம்மா, நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"கயிறு இவன் கையிலேயே இருக்கட்டும். சுவிட்சு எந்த வீட்டு வாசலுக்கும் நடந்து போகாது. அடுத்தது, மழை பெஞ்சா இந்தக் கதவு திறக்கணும். இந்த ரெண்டும்தான். என் பேரைப் பட்டியல்ல எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம்."

போதகர் கையைத் தூக்கச் சொன்னார். நான் இரண்டு கையையும் தூக்கினேன், ஒன்றுதான் எண்ணப்படும் என்று ஸ்டாம்பம்மா முறைத்தார். கடைசியாகத் தூக்கிய கை செயலருடையது. தூக்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்குக் கால்வாய்க் கரைக்காரர்கள் வந்தபோது கதவைத் திறந்து நின்றது அண்ணன், வீட்டிலிருந்து பாய்களைச் சுமந்து வந்து அந்தத் தரைக்கல் மேல் விரித்தது செயலர்.

கூட்டம் முடிந்து ஸ்டாம்பம்மா என் கடைக்கு வந்தார். அண்ணன் பட்டன்களை மேஜை மேல் கொட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையிலிருந்து பாக்கெட்டிலேயே கிடந்தவை. ஸ்டாம்பம்மா குவியலைத் தன் பக்கம் இழுத்து, நானே எதிர்பார்த்தபடி, எண்ணினார்.

"எழுபத்தெட்டு. சரியா இருக்கு." அண்ணனைப் பார்த்தார். "இத பாரு தம்பி, ஒரே கவருக்கு ரெண்டு தடவை முத்திரை குத்தறது சட்டப்படி தப்பு. எழுபத்தெட்டு எனக்கு அடிச்சாச்சு. நாளைக்கு நிஜமாவே போனேன்னா மிச்சத்தை மட்டும் அடி, போதும்."

"என்னம்மா பேச்சு இது?" என்றார் அண்ணன்.

"அடிப்பியா, மாட்டியா?"

"அடிக்கிறேம்மா."

அதற்குப் பிறகு பால் சுற்று சபைச் சுற்றாகிவிட்டது. தனியாக இருக்கிறவர்கள் ஏழு பேர் என்று அண்ணன் நினைத்திருந்தார். தேடிப் பார்த்தால் இருபத்து மூன்று பேர். தெருவாரியாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு இரண்டு வாசல். ஆனால் ஸ்டாம்பம்மா வாசலை அண்ணன் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. இப்போது அங்கே பார்ப்பதோடு நிற்கவில்லை, தட்டுவார், கதவு திறக்கும், பாலை அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்து, ஒரு காப்பியும் நாலு திட்டும் வாங்கிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. கண்ணில் சதை எடுத்த பிறகு ஸ்டாம்பம்மாவுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. நான் தைத்த சட்டைகளில் கோணல் தையலைக் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

நாலு வருடம் அப்படிப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் தட்டினார், கதவு திறக்கவில்லை. பேக்கரிக்கார அம்மாவிடம் சாவி ஒன்று இருந்தது. உள்ளே போனார்கள். ஸ்டாம்பம்மா கட்டிலில் கைகளைக் கோத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி இருந்தார். இந்த முறை அண்ணன் டாக்டரைக் கூட்டி வந்தார். "நிஜமாத்தானே சார்? நல்லாப் பாருங்க சார்," என்று இரண்டு தரம் கேட்டாராம். போதகரிடம் போய்ச் சொன்னார். செயலரிடமும் போய்ச் சொன்னார். செயலர் சட்டை மாற்றாமலே ஓடினார்.

கடைசியில் என் கடை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். தலையெல்லாம் நரைத்துப் போயிருந்தது. டப்பாவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு வயது தெரியும், எண்ணிக்கை தெரியும், இருந்தாலும் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"நாலு, தங்கச்சி."

அந்தப் பித்தளை பட்டனைத் தேடி எடுத்து, அதோடு மூன்று சேர்த்துக் கொடுத்தேன். வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.

மணி நாலு முறை அடித்தது. நாலாவது அடியின் சத்தம் அடங்கும் வரை நான் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால், ஐயோ, நாலு வயதுக் குழந்தை என்று நினைத்திருப்பார். எங்கள் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் அழுதுகொண்டே செருப்பை மாட்டினார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க யாரும் போகவில்லை. வீடு எங்கே என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.